இன்றைய முகவரி

எங்கள் அத்தானுக்கு நாங்கள் வைத்த பேர் மெயின் ஸ்விட்ச். அக்காவைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றே அந்தப் பேர் வந்துவிட்டது. கை கழுவ எழுந்து போனவர், போகிற வழியில் ஆள் இல்லாத அறைகளில் எரிந்த விளக்கு, ஓடிய ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். ஆள் இல்லை என்று அவர் நினைத்த ஓர் அறையில் நான் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். இருட்டில் நான் போட்ட கத்தல்தான் அவருக்கும் எனக்கும் நடந்த முதல் பேச்சு.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற மனுஷன். அவருடைய தொழில் அப்படி. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் எலெக்ட்ரீஷியன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மாடி மாடியாக ஏறி இறங்கி, விளக்கு, ஏசி, யாரோ மறந்துவிட்டுப் போன கெட்டில் என்று ஒவ்வொன்றாக அணைப்பது அவர் பொறுப்பு. ஒரு தடவை அப்படி மறந்துபோன கெட்டில் ஒன்று மேசையையே கருக்கிவிட்டது. நெருப்பை அணைத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம்: ஆள் இல்லாத இடத்தில் எதுவும் ஓடக்கூடாது. கட்டடத்தோடு விட்டாரா? பஸ்ஸில் வெயிலடிக்கும்போது விளக்கு எரிந்தால் டிரைவரிடம் போய்ச் சொல்வார்.

அக்கா வேறு ரகம். துணி கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷ உடுப்பு வாடகைக்கு விடும் கடை போட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய கடை. உள்ளே போனால் இடிக்காமல் திரும்ப முடியாது. அலமாரியில் வரிசையாகச் சிங்கத் தலை, கரடித் தலை. சுவரோரம் மரம், நிலா, ராஜா, போலீஸ்காரர். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். எல்லாம் அவள் வெட்டித் தைத்தவை. கரடிக்கு உள்பக்கம் பருத்தித் துணி கொடுத்திருப்பாள், போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு வேர்க்கக்கூடாது என்று.

ஆனால் வியாபாரம்தான் நொண்டியடித்தது. கடைக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். வந்து பார்க்கிறவர்களே கொஞ்சம்தான். இந்த நேரம் பார்த்து அவளுடைய பழைய கம்பெனி மேடம் போன் செய்தார். கட்டிங் பிரிவுக்குத் தலைமைப் பதவி காலியாகிறதாம். சனிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அத்தானிடமும் என்னிடமும் அக்கா இதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த நிலாவின் மூக்கைத் திருகிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைக்குள் கடைக்கு உயிர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இத்தனை மிருகங்களையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் கடைக்கு வெப்சைட் பிறந்திருந்தது. வருகிற டீச்சர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள்: வெப்சைட் இருக்கா, வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமே. ஜெராக்ஸ் கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஆளை வைத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கட்டடத்துக்கே கரண்ட் கொடுக்கிற எனக்கு இது பெரிய விஷயமா, நானே போடுகிறேன் என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன்.

அவர் வேலை செய்யும் கட்டடத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு மேடம் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். கிளவுட் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கலாம், அதில் வெப் சர்வர் போட்டுவிட்டால் யார் கேட்டாலும் அது பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் என்று மேடம் விளக்கினார். அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று அத்தான் கேட்டார். கடல் தாண்டி, ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் என்று பதில் வந்தது. அங்கே ராத்திரி விளக்கணைப்பது யார் என்று கேட்டாராம். மேடம் விழுந்து விழுந்து சிரித்தாராம். அத்தான் சிரிக்கவில்லை என்பதை அந்த மேடம் கவனித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது. நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். இருப்பதிலேயே சின்ன மெஷினாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்குள் நுழைய கிளவுட் கம்பெனி ஒரு சாவிக் கோப்பைக் கொடுத்தது, தொலைத்தால் மறுபடி தரமாட்டோம் என்ற எச்சரிக்கையோடு. அதை வீட்டில் உள்ள எல்லாப் பென்டிரைவிலும் ஏற்றினார். அப்புறம் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். வெப் சர்வருக்குப் பேர் என்ஜின்-எக்ஸ் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "என்ஜினா? அப்ப நம்ம ஆளுதான்" என்றார்.

நம்ம ஆள் சும்மா இருக்கவில்லை, உடனே ஓட ஆரம்பித்தது. ஓடுகிறது என்று கறுப்புத் திரை பச்சை எழுத்தில் சொன்னது. ஆனால் மெஷினின் நம்பரை, அதுதான் இணையத்தில் அதன் முகவரி, என் போன் பிரவுசரில் அடித்தால் வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதென்றால் வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று. அதுவேதான். கிளவுட் கம்பெனி தன் பக்கத்தில் எல்லா வாசலையும் பூட்டி வைத்திருந்தது. வெப் சர்வருக்கான எண்பதாம் நம்பர் வாசலை நாம்தான் திறந்துவிட வேண்டும். திறந்தார். வரவேற்கிறோம் என்று மொட்டையாக நாலு வரி வந்தது. இதில் கரடி எங்கே என்று அக்கா கேட்டாள். சாயங்காலத்துக்குள் கரடியும் வந்தது, சிங்கமும் வந்தது. அத்தான் தெருவுக்கு ஓடி, போகிறவர் வருகிறவர் போனிலெல்லாம் திறந்து காட்டினார். அன்று எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் அவர் செலவு. உண்மையிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது, அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டார்.

மறுநாள் காலையில்தான் கூத்து ஆரம்பம். மெஷினின் நம்பர் மாறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு நம்பர். அத்தானுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. பாதுகாப்புக்காகத் தினம் ஒரு நம்பர் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல ஏற்பாடுதான் என்று தானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக லேப்டாப்பில் அன்றைய நம்பரைப் பார்த்து, கடை வாசலில் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார். மேலே கொட்டை எழுத்தில் 'இன்றைய முகவரி', கீழே நாலு எண்கள், நடுநடுவே புள்ளி. விசிட்டிங் கார்டு அடித்தபோது முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டார்கள். யாராவது கார்டு கேட்டால் அக்கா சிலேட்டை எட்டிப் பார்த்து அன்றைய நம்பரைப் பேனாவால் எழுதித் தருவாள். உலகத்திலேயே இப்படி ஒரு கார்டு எங்கள் கடையில்தான் இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதை ஏதோ அதிர்ஷ்ட எண் என்று நினைத்து இரண்டு நாள் அந்த எண்ணில் லாட்டரிச் சீட்டு தேடி அலைந்தார்.

கார்டுகள் போயின. ஒரு போன்கூட வரவில்லை. ஒரே ஒரு டீச்சர் மட்டும் மறுபடி வந்து, உங்கள் கடையில் தண்ணீர்ப் பம்பும் வாடகைக்கு உண்டா என்று கேட்டார். கார்டில் இருந்த நம்பரை அடித்தால் பம்பு பம்பாக வந்ததாம். டீச்சர் நம்பரைத் தப்பாக அடித்திருப்பார் என்று அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்கா அன்று ராத்திரி என்னிடம் போனில், "உடுப்பு பிடிக்கலை போலடி. பார்த்துட்டுத்தான் யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க" என்றாள். கடை போவதைவிட அது அவளுக்குப் பெரிய அடி.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். அந்த வாரம் எங்கள் டாக்டரின் மகளுக்குப் பள்ளி நாடகத்தில் நிலா வேஷம் கிடைத்தது. நான் விடுவேனா? அக்காவிடம் அன்றைய நம்பரை வாங்கி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் மறுநாள் வந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், திறக்கவில்லையே என்றார். புது நம்பர் வாங்கி அங்கேயே, பகல் நேரத்தில், என் போனில் அடித்தேன். ஜம்மென்று நிலா வந்தது. டாக்டர் அதே நம்பரை வீட்டில் ராத்திரி அடித்தார். வரவில்லை. பகலில் வருவது ராத்திரியில் வராவிட்டால் என்ன அர்த்தம்? பேய்க்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.

கடை சாத்துகிற நேரம். கட்டடத்து வேலையை முடித்துவிட்டு அத்தான் வந்திருந்தார். அக்கா கழுத்தில் டேப்போடு சிங்கத்தின் வாலைத் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் வழக்கம்போல ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். இஸ்திரிப்பெட்டி பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பார்த்தார். தையல் மெஷின் ஸ்விட்ச், ஃபேன், பின்பக்க விளக்கு. கடைசியாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஏதோ அமுக்கினார்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"மெஷினை நிறுத்தறேன். காலையில வந்து மறுபடி ஓட விடுவேன். கடை சாத்தின பிறகு அது எதுக்கு ஓடணும்?"

"எது, வெப்சைட் இருக்கிற மெஷினையா? தினமுமா?"

"பின்னே? இதுவரைக்கும் ஒரு நாள்கூட மறந்ததில்ல" என்றார், பெருமையாக.

நான் ராஜாவின் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான், டீச்சருங்க பகல்ல கிளாஸ்ல இருப்பாங்க, அப்பா அம்மா வேலையில இருப்பாங்க, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுப் பிள்ளைகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் போனை எடுப்பாங்க, அப்ப உங்க கடை மூடியிருக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று முடித்தேன். என் நாக்குக்கு எப்போதுமே நரம்பு கிடையாது.

அக்கா முதலில் சிரித்தாள். சிங்கத்தின் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. மூன்று வாரம், ஒருத்தருக்கும் என் உடுப்பு பிடிக்கலைன்னு நினைச்சேனே என்றாள். அத்தானைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "அப்ப நான்தானா?" என்றார். ஒரு நிமிஷம் முன்பு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்த எனக்கே பாவமாகிவிட்டது. ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகத் தன் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, கட்டியவளின் கடையையே மூடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

வெள்ளிக்கிழமை அவர் லீவு போடவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் மேடத்தை விடவும் இல்லை. மெஷினை நிறுத்தினால் அதன் நம்பர் கை நழுவிப் போய்விடும், அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், மறுபடி ஓட்டினால் புது நம்பர்தான் கிடைக்கும் என்று மேடம் அப்போதுதான் சொன்னார். பம்புக்காரர் யார் என்பது விளங்கியது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அத்தான் கேட்டதற்கு, வெப் சர்வரை யாராவது தினமும் அணைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லையே சார் என்றாராம். மாறாத நம்பர் ஒன்றை வாங்கி மெஷினோடு கட்டினார்கள். நம்பர் இருக்கும்போது பேர் எதற்கு என்று முன்பு சொன்னவர், கடைக்கு ஒரு பேரையும் வாங்கி அந்த நம்பரோடு இணைத்தார். ஏற்கெனவே கார்டு வாங்கிப் போன டீச்சர்களில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அக்கா புதுப் பேரை அனுப்பினாள். எங்கள் டாக்டருக்கு நான் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது நானும் கூட இருந்தேன். இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின், ஃபேன், பின்பக்க விளக்கு எல்லாம் முடிந்தது. லேப்டாப்பை மூடினார். மூடிய லேப்டாப் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எங்கோ கடல் தாண்டி ஒரு மெஷின், பக்கத்தில் யாருமில்லாமல், அவருக்குத் தெரிந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

சாப்பிடும்போது அவர் இடது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. போனில் பக்கத்தைத் திறப்பார், கரடி வருகிறதா என்று பார்ப்பார், "ஓடுது" என்பார். இரண்டு கவளம் போகும், மறுபடி பார்ப்பார், மறுபடி "ஓடுது". இந்நேரம் சூடாகியிருக்காதா என்று என்னைக் கேட்டார். அது பாட்டுக்கு ஓடட்டும் விடுங்க, நீங்க சாப்பிடுங்க என்றாள் அக்கா. முந்தின நாளிலிருந்து அவரோடு அவள் சரியாகப் பேசியது அப்போதுதான்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நேரே கடைக்குப் போய்விட்டேன். ராத்திரி யார் யார் வந்தார்கள் என்று மெஷின் வரி வரியாக எழுதி வைத்திருக்கும், அதை எப்படிப் பார்ப்பது என்று அத்தான் கற்றுக்கொண்டு வந்திருந்தார். திறந்தால் வரிகள் கொட்டுகின்றன. ஊரே வந்திருக்கிறது என்றார். ஆனால் ஆசை அறுபது நாள்கூட இருக்கவில்லை. அதில் நிறைய வரிகள், வீடு வீடாகப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கும் களவாணி கம்ப்யூட்டர் புரோகிராம்களுடையவை, எந்த வெப் சர்வரானாலும் வந்து தட்டுமாம், பயப்பட வேண்டாம் என்று கம்ப்யூட்டர் மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மிச்சத்தில் பெரும்பகுதி யாருடையது என்று நாங்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. கரடி, கரடி, கரடி என்று ஒரே போன் விடிய விடியப் பார்த்திருந்தது. அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

அதையும் கழித்தால் விரல் விட்டு எண்ணும்படிதான் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் நிலாவை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அது எங்கள் டாக்டர்தான். இன்னொருவர் சிங்கத்தில் ஆரம்பித்து, எல்லா உடுப்பையும் ஒன்றுவிடாமல் கடைசிவரை பார்த்து, திரும்ப முதலிலிருந்து பார்த்திருந்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர் என்பதும், ஒரு காடே வேண்டும் என்று கேட்டு வரப்போகிறார் என்பதும் அடுத்த வாரம்தான் தெரிந்தது. அந்தக் காலையில் அது வெறும் வரிகள்.

"எப்ப பார்த்திருக்காங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பதினொண்ணுக்கு மேல" என்றார் அத்தான்.

"நாம எல்லாம் படுத்த பிறகா?"

அவர் தலையை ஆட்டினார். அக்கா ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை அண்ணாந்து பார்த்தாள். ஷட்டர் இறங்கி, விளக்கெல்லாம் அணைந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒருவர் பொறுமையாகக் கடைக்குள் நடந்து ஒவ்வொரு உடுப்பாகப் பார்த்திருக்கிறார். பிடிக்காமலா இரண்டாவது தடவை பார்ப்பார்? அவள் முகத்தில் அந்தக் கேள்வி ஓடுவது எனக்குத் தெரிந்தது.

கம்பெனி மேடத்துக்கு அவளே போன் போட்டாள். அத்தானும் நானும் பக்கத்திலேயே நின்றோம். ஒரு கடிதத்தை வாசிக்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம், என்னால வர முடியாது. எங்க கடை இப்ப ராத்திரியும் திறந்திருக்கு."

அந்தப் பக்கம் மேடம் சிரித்தது எங்களுக்கே கேட்டது. ராத்திரியில் கடையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருப்பார் போல. அக்கா அத்தானைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர்தான். அவர் பார்த்துக்கிட்டா அணையாதுங்க."

அத்தான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, தூசியே இல்லாத கரடித் தலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.